யார் யாரோடு ஆடுவது? அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் பிரிவுகளும் அட்டவணைக் குழுக்களும்

ஒரு கூட்டமைப்பில் 16 அணிகள். ஒவ்வோர் அணிக்கும் கூட்டமைப்புக்குள் ஆட 9 வாரங்கள்தான் கிடைக்கின்றன. மீதி 6 அணிகளை அது அந்த ஆண்டு சந்திக்கவே போவதில்லை. எந்த ஆறை விடுவது? ஒன்றையொன்று சந்திக்காத இரண்டு அணிகள் பட்டியலில் சமமாக நின்றால் எதை மேலே வைப்பது? இந்தக் கேள்விக்கு அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தை நடத்துகிறவர்கள் கடந்த முப்பது ஆண்டுகளில் பல விடைகளைச் சொல்லிப் பார்த்திருக்கிறார்கள். இரண்டு பிரிவுகள், நான்கு குழுக்கள், பிரிவே இல்லாத ஒற்றைப் பட்டியல், ஒவ்வோர் அணிக்கும் சில நிரந்தர எதிரணிகள் என்று ஒவ்வொன்றும் முந்தையதன் குறையைத் தீர்க்க வந்தது. வந்த வேகத்தில் வேறொரு குறையைக் கொண்டுவந்தது.

இங்கே பேசப்படும் கால்பந்து, நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்க ஆட்டம். அதில் பல்கலைக்கழகங்கள் கான்ஃபரன்ஸ் எனப்படும் கூட்டமைப்புகளாகச் சேர்ந்து, தங்களுக்குள் ஆடி ஒரு சாம்பியனைத் தேர்ந்தெடுக்கின்றன. உடல்மீது உடல் மோதும் ஆட்டம் என்பதால் வாரத்துக்கு ஒன்றுக்கு மேல் ஆட முடியாது. 2006 முதல் ஓர் அணிக்குச் சீசனில் 12 ஆட்டங்கள். அவற்றில் 8 அல்லது 9 மட்டுமே கூட்டமைப்புக்குள் நடப்பவை. கூடைப்பந்துபோல வாரத்தில் இரண்டு ஆட்டங்களைச் செருகிச் சமாளிக்கும் வழி இங்கே இல்லை.

இந்தக் கட்டுரையின் வாதம் இரண்டு படிகளில் நிற்கிறது. கல்லூரிகளுக்கிடையிலான பரம்பரைப் போட்டிகள் ஜோடிகளாக அமைந்தவை. பிரிவும் குழுவும் அவற்றை வேலி போட்டுக் கூட்டங்களாகச் சேர்க்கப் பார்க்கின்றன. ஆகவே எந்த வேலியும் சில ஜோடிகளை அறுத்தே தீரும். ஜோடிகளை மையமாகக் கொண்ட அட்டவணை இந்தக் குறையைப் பெருமளவு தீர்க்கிறது. ஆனால் சாம்பியனை நியாயமாகத் தேர்ந்தெடுப்பது என்ற இரண்டாவது வேலையை அது முன்னைவிடக் கடினமாக்குகிறது. அந்தக் கடினத்தின் வேர் வடிவமைப்பில் இல்லை, கூட்டமைப்பின் அளவில் இருக்கிறது.

எண்கள் விதிக்கும் எல்லை

10 அணிகள் இருந்தால் 45 ஜோடிகள். ஆளுக்கு 9 ஆட்டம் என்றால் 45 ஜோடிகளும் சந்தித்துவிடும். பிக் 12 கூட்டமைப்பு 2011க்குப் பிறகு சில ஆண்டுகள் அப்படித்தான் ஆடியது. எல்லாரும் எல்லாரோடும் மோதியதால் அட்டவணை குறித்த புகாருக்கு இடமில்லை. 12 அணிகள், 8 ஆட்டங்கள் என்றால் 66 ஜோடிகளில் 48 சந்திக்கும். 16 அணிகள், 9 ஆட்டங்கள் என்றால் 120இல் 72. இன்றைய பிக் டென்னில் 18 அணிகள். 153 ஜோடிகளில் 81 மட்டுமே சந்திக்கின்றன. 2024, 2025 சீசன்களில் அட்லாண்டிக் கோஸ்ட் கான்ஃபரன்ஸில், அதாவது ஏ.சி.சி.யில், 17 அணிகள் ஆளுக்கு 8 ஆட்டம் ஆடின: 136 ஜோடிகளில் 68, சரிபாதி. இந்த எண்களை எந்த அட்டவணையாலும் மாற்ற முடியாது. சந்திக்காத ஜோடிகள் எவை என்று தேர்ந்தெடுப்பது மட்டுமே அட்டவணை போடுகிறவரின் கையில் இருக்கிறது.

இது புதிய சிக்கலும் அல்ல. 1932 டிசம்பரில் 23 உறுப்பினர்களோடு பெருத்துப்போயிருந்த சதர்ன் கான்ஃபரன்ஸிலிருந்து 13 பல்கலைக்கழகங்கள் பிரிந்து தென்கிழக்கு கான்ஃபரன்ஸை, எஸ்.இ.சி.யை, உருவாக்கின. மிச்சமிருந்த கூட்டமைப்பு மறுபடி 17 உறுப்பினர்களாக வளர்ந்து, 1953இல் 7 பல்கலைக்கழகங்கள் வெளியேறி ஏ.சி.சி.யை அமைத்தன. சீசன் முடிந்தபின் நடக்கும் பௌல் ஆட்டங்களுக்குச் செல்லக் கூடாது என்ற தடையும் அந்தப் பிளவுக்கு ஒரு காரணம் என்பதால், அளவு ஒன்றே காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் பெருத்த கூட்டமைப்பு ஒருகட்டத்தில் பிளக்கிறது என்ற வரலாறு திரும்பத் திரும்ப வருவதைக் கவனிக்காமல் இருக்க முடியவில்லை.

பிரிவுகள் இல்லாத அந்தப் பழைய காலம் நியாயமாக இருந்தது என்று நினைப்பதற்கும் ஆதாரம் குறைவு. 1973இல் மிஷிகனும் ஒஹாயோ ஸ்டேட்டும் 10-10 என்று சமநிலையில் முடித்து பிக் டென் பட்டத்தைப் பகிர்ந்துகொண்டன. ரோஸ் பௌலுக்கு யார் போவது என்பதை விளையாட்டு இயக்குநர்கள் வாக்களித்து முடிவு செய்தார்கள். ஒஹாயோ ஸ்டேட் போனது. 2002இல் 11 அணிகள் கொண்ட அதே கூட்டமைப்பில் ஒஹாயோ ஸ்டேட், அயோவா இரண்டும் 8-0 என்று, அதாவது எட்டு வெற்றி, தோல்வி இல்லை என்ற கணக்கில் முடித்தன, ஒன்றையொன்று சந்திக்காமலே. இருவருக்கும் பட்டம் கொடுக்கப்பட்டது. அந்த ஆண்டு தேசிய சாம்பியனும் ஒஹாயோ ஸ்டேட்தான்.

பன்னிரண்டு என்ற எண்ணின் பிறப்பு

பிரிவுமுறை வந்தது ஒரு விதியின் இடுக்கு வழியாக. 12 அல்லது அதற்கு மேற்பட்ட அணிகள் இரண்டு பிரிவுகளாகப் பிரிந்து, பிரிவுக்குள் எல்லாரும் எல்லாரோடும் ஆடினால், பிரிவு வெற்றியாளர்கள் இருவருக்கும் ஓர் இறுதி ஆட்டம் வைத்துக்கொள்ளலாம். அது சீசன் ஆட்ட வரம்பில் சேராது என்று தேசிய அமைப்பான என்.சி.ஏ.ஏ. 1987இல் விதி செய்தது. பென்சில்வேனியாவின் இரண்டாம் நிலைக் கல்லூரிகளின் தேவைக்காக வந்த விதி அது. அதைப் பெரிய மேடைக்குக் கொண்டுபோனவர் எஸ்.இ.சி. ஆணையர் ராய் கிரேமர். ஆர்கன்சாவையும் தென் கரோலினாவையும் சேர்த்து அணிகளை 12 ஆக்கி, கிழக்கு மேற்கு என்று பிரித்து, 1992 டிசம்பரில் பர்மிங்ஹாம் நகரின் லீஜன் ஃபீல்டு மைதானத்தில் முதல் சாம்பியன்ஷிப் ஆட்டத்தை நடத்தினார்.

தோல்வியே காணாத ஓர் அணியை ஏன் வலிய இன்னோர் ஆபத்தில் தள்ள வேண்டும் என்ற அச்சம் அன்று பலமாக இருந்தது. அலபாமா அந்த நிலையில்தான் இருந்தது. ஃப்ளோரிடாவோடு 21-21 என்று நின்ற கடைசிக் கட்டத்தில் அலபாமாவின் அன்டோனியோ லாங்ஹம் எதிரணி எறிந்த பந்தைப் பறித்து எல்லைவரை ஓட, 28-21 என்று அலபாமா வென்றது; தேசியப் பட்டத்தையும் பிடித்தது. அந்த ஒரு பறிப்பு நடக்காமல் போயிருந்தால் பிரிவுமுறையின் வரலாறு வேறாக இருந்திருக்கலாம். நடந்ததால், இறுதி ஆட்டம் பணமும் புகழும் தரும் என்பது நிலைபெற்றது. அடுத்தடுத்துப் பல கூட்டமைப்புகள் 12ஐ நோக்கி ஓடின. பட்டத்தை மைதானத்தில் தீர்க்க வேண்டும் என்ற நோக்கம் அதில் இருந்தது உண்மை. ஆனால் இரண்டு பிரிவு என்ற வடிவம் ஆட்டத்தின் தேவையிலிருந்து பிறந்ததல்ல, விதி கேட்ட விலை என்பதை மறந்துவிடக் கூடாது. அந்த விலை 2022இல் தள்ளுபடியானதும் எத்தனை வேகமாகப் பிரிவுகள் கலைந்தன என்பதே இதற்குச் சான்று.

எதை வைத்துப் பிரிப்பது

பிரிக்க வேண்டும் என்று முடிவானபின் இரண்டு சிந்தனைப் பள்ளிகள் உருவாயின. ஒன்று புவியியலைப் பிடித்தது: பக்கத்து ஊர்கள் ஒரே பிரிவில் இருந்தால் பயணம் குறையும், ரசிகர் வருவார், பழைய போட்டிகள் தானாகவே காப்பாற்றப்படும். மற்றது வலிமைச் சமநிலையைப் பிடித்தது: பலசாலிகளை இரு பக்கமும் பகிர்ந்து வைத்தால்தான் இறுதி ஆட்டம் இறுதி ஆட்டமாக இருக்கும்.

புவியியல் பள்ளியின் பலவீனம் பிக் டென்னில் அப்பட்டமாகத் தெரிந்தது. 2014இல் மேரிலாண்டும் ரட்கர்ஸும் சேர்ந்தபின் கிழக்கு, மேற்கு என்று பிரித்தார்கள். ஒஹாயோ ஸ்டேட், மிஷிகன், பென் ஸ்டேட், மிஷிகன் ஸ்டேட் நான்கும் கிழக்கில் விழுந்தன. 2014 முதல் 2023 வரை நடந்த 10 இறுதி ஆட்டங்களிலும் கிழக்கே வென்றது. முதல் ஆண்டு ஒஹாயோ ஸ்டேட் விஸ்கான்சினை 59-0 என்று வென்றது. கடைசி ஆண்டு மிஷிகன் அயோவாவை 26-0 என்று வென்றது. பிக் 12இன் தெற்குப் பிரிவும் 2004 முதல் 2010 வரை எல்லா இறுதி ஆட்டங்களையும் வென்றது. கூட்டமைப்பின் முதலிரு அணிகள் ஒரே பிரிவில் மாட்டிக்கொண்டால் அவற்றில் ஒன்றுக்கு இறுதி ஆட்டமே கிடையாது. 2011இல் எஸ்.இ.சி. மேற்கில் லூசியானா ஸ்டேட்டிடம், அதாவது எல்.எஸ்.யு.விடம், 6-9 என்று தோற்ற அலபாமா பிரிவையே வெல்லவில்லை. ஆனால் அதே எல்.எஸ்.யு.வைத் தேசிய இறுதியில் 21-0 என்று வென்று சாம்பியன் ஆனது. பிரிவில் இரண்டாவது, நாட்டில் முதலாவது.

அப்படியானால் சமநிலைப் பள்ளி சரியா? அதன் வழியில் போன ஏ.சி.சி. 2005இல் ஃப்ளோரிடா ஸ்டேட்டையும் மயாமியையும் வேறுவேறு பிரிவில் வைத்தது. இரண்டும் அப்போதைய ஜாம்பவான்கள். ஆண்டுதோறும் இறுதியில் மோதுவார்கள் என்பது எதிர்பார்ப்பு. பிரிவுகள் நீடித்த காலம் முழுவதும் ஒருமுறைகூட அந்த இறுதி ஆட்டம் நடக்கவில்லை. மயாமி தன் கோஸ்டல் பிரிவை வென்றது 2017இல் மட்டும்தான். 2013 முதல் 2019 வரை அந்தப் பிரிவில் ஏழு ஆண்டுகளுக்கு ஏழு வெவ்வேறு வெற்றியாளர்கள்: டியூக், ஜார்ஜியா டெக், வட கரோலினா, வர்ஜீனியா டெக், மயாமி, பிட்ஸ்பர்க், வர்ஜீனியா. பிரிவில் இருந்ததே ஏழு அணிகள். கடந்த பத்தாண்டின் வலிமை அடுத்த பத்தாண்டுக்கு உத்தரவாதம் இல்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேட வேண்டியதில்லை. பயிற்சியாளர் மாறுவார், மாணவர்கள் நான்கைந்து ஆண்டுகளில் பட்டம் பெற்றுப் போய்விடுவார்கள், பிரிவுக் கோடு மட்டும் அப்படியே கிடக்கும்.

சமநிலைக்காகப் பிரித்ததில் பறிபோனவையும் உண்டு. 2011இல் பிக் டென் தன் இரு பிரிவுகளுக்கு லெஜண்ட்ஸ், லீடர்ஸ் என்று பெயரிட்டு வலிமையைப் பகிர்ந்தபோது எல்லைப் பகையாளிகளான விஸ்கான்சினும் அயோவாவும் பிரிந்தன. 2011, 2012 இரண்டு சீசன்களிலும் அவை சந்திக்கவில்லை. வட கரோலினாவும் வேக் ஃபாரஸ்ட்டும் ஒரே மாநிலம், ஏ.சி.சி.யைச் சேர்ந்து நிறுவியவை. வேறுவேறு பிரிவில் வைக்கப்பட்டபின் அவை சந்திப்பது அத்தனை அரிதாயிற்று என்றால், 2019லும் 2021லும் தங்களுக்குள் தனியாக ஆட்டம் ஏற்பாடு செய்துகொண்டன; கூட்டமைப்புக் கணக்கில் சேராத வெளி ஆட்டமாக. ஒரே வீட்டில் இருக்கும் இருவர் பார்த்துக்கொள்ள வெளியே இடம் தேடவேண்டி வந்தது. பிரிவுமுறை எங்கே தவறுகிறது என்பதைக் கூட்டமைப்புகளின் எந்த அறிக்கையையும்விட இந்த இரண்டு ஆட்டங்கள் தெளிவாகச் சொல்கின்றன.

அறுபட்ட ஜோடிகளை ஒட்டவைக்க எஸ்.இ.சி. கண்ட வழி, பிரிவு தாண்டிய ஒரு நிரந்தர எதிரணி. அலபாமாவுக்கு டென்னசி, ஆபர்னுக்கு ஜார்ஜியா. 2012இல் டெக்சஸ் ஏ அண்ட் எம், மிசௌரி சேர்ந்து 14 ஆனபின் கணக்கு இப்படி அமைந்தது: பிரிவுக்குள் 6, நிரந்தர எதிரணி 1, சுழற்சியில் 1. மறு பிரிவின் மற்ற ஆறு அணிகள் ஆறு ஆண்டுக்கு ஒருமுறைதான் எதிர்ப்படும். சொந்த மைதானத்தில் பார்க்க 12 ஆண்டு ஆகும். 2012 முதல் 2023 வரை பிரிவுகள் இருந்த 12 சீசன்களில் ஜார்ஜியா ஒருமுறைகூட டெக்சஸ் ஏ அண்ட் எம் மைதானத்துக்குப் போகவில்லை. ஒரே கூட்டமைப்பின் உறுப்பினர்கள் என்று சொல்லிக்கொள்வதற்கு இதற்குப் பிறகு என்ன பொருள் மிஞ்சுகிறது?

நாலணிக் குழுக்கள்

பிரிவுக் கோடு நிலையாகக் கிடப்பதுதான் சிக்கல் என்றால் அதை நகர்த்தினால் என்ன என்று கேட்டது வெஸ்டர்ன் அத்லெட்டிக் கான்ஃபரன்ஸ். 1996இல் அது 16 அணிகளாக வீங்கி, ஹவாயிலிருந்து ஓக்லஹோமாவின் டல்சா வரை பரவியது. அணிகளை நான்கு நான்காக நான்கு குழுக்களாக்கினார்கள். ஹவாய், சான் டியேகோ ஸ்டேட் அடங்கிய முதல் குழு எப்போதும் பசிஃபிக் பிரிவில். டெக்சஸ் பல்கலைக்கழகங்களும் டல்சாவும் அடங்கிய நான்காம் குழு எப்போதும் மௌண்டன் பிரிவில். நடுவிலுள்ள இரண்டு குழுக்கள் இரண்டு ஆண்டுக்கொருமுறை இடம் மாறிக்கொள்ளும். தாளில் பார்த்தால் அழகான ஏற்பாடு.

நடைமுறையில் அந்த நடுக் குழுக்கள் இரண்டிலும்தான் பழைய உறவுகள் இருந்தன. பிரிகம் யங்கும் யூட்டாவும் ஒன்றில், வயோமிங்கும் கொலராடோ ஸ்டேட்டும் ஏர் ஃபோர்ஸும் இன்னொன்றில். பல பத்தாண்டுகளாக ஒன்றையொன்று சந்தித்துவந்த இவை ஒரே பிரிவில் சேரவே இந்த ஏற்பாட்டில் இடமில்லை. 1998இல் அந்த ஐந்து பல்கலைக்கழகங்களின் தலைவர்கள் டென்வர் விமான நிலையத்தில் கூடிப் பேசினார்கள். விளைவாக எட்டு அணிகள் வெளியேறி மௌண்டன் வெஸ்ட் கான்ஃபரன்ஸை அமைத்தன. நான்காண்டுச் சுழற்சி மூன்று சீசன்களோடு நின்றது. இந்தத் தோல்விக்குக் குழுமுறையை மட்டும் பழிப்பது நியாயமாகாது. பயணச் செலவும் வருமானப் பங்கீடும் சேர்ந்தே பிளவை உண்டாக்கின. ஆனால் யார் தன் பிரிவில் இருக்கிறார் என்று ரசிகர் இரண்டு ஆண்டுக்கொருமுறை விசாரிக்க வேண்டியிருந்தால் பட்டியலின்மேல் பற்று வளர்வது கடினம்.

இங்கே இரண்டு வேறு கருத்துகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பட்டியலைப் பிரிக்கும் குழு ஒன்று. யார் யாரோடு ஆடுவது என்பதை மட்டும் தீர்மானிக்கும் அட்டவணைக் குழு இன்னொன்று. நம் வாசகர்களுக்குப் பழக்கமான ஐ.பி.எல். 2022 முதல் பின்பற்றுவது இரண்டாவது வகை. 10 அணிகளை இரு குழுவாக்கி, ஒவ்வோர் அணியும் ஐந்து அணிகளோடு இருமுறையும் நான்கு அணிகளோடு ஒருமுறையும் மோதுகிறது. புள்ளிப் பட்டியலோ ஒன்றுதான். எஸ்.இ.சி. 16 அணிகளாகப் போகிறது என்று தெரிந்ததும் பேசப்பட்ட நாலணிக் குழுத் திட்டமும் அவ்வகையாக இருந்திருக்க முடியும்: தன் குழுவின் மூவரோடு ஆண்டுதோறும், மற்ற மூன்று குழுக்களிலிருந்து இரண்டிரண்டு பேரோடு சுழற்சியில், மொத்தம் ஒன்பது.

அதற்கும் ஒரு தடை இருக்கிறது, அதை எந்தச் சாமர்த்தியத்தாலும் தாண்ட முடியாது. டென்னசிக்கு அலபாமா, அலபாமாவுக்கு ஆபர்ன், ஆபர்னுக்கு ஜார்ஜியா, ஜார்ஜியாவுக்கு ஃப்ளோரிடா. ஐந்து அணிகள், நான்கு கண்ணிகள் கொண்ட சங்கிலி. இவற்றில் எதையும் கைவிட அந்த ரசிகர்கள் சம்மதிக்க மாட்டார்கள். ஆபர்னும் ஜார்ஜியாவும் 1892 முதல் மோதிவருகின்றன. ஐந்து அணிச் சங்கிலியை நான்கு அணிப் பெட்டியில் வைக்க முடியாது. எங்கே வெட்டினாலும் ஒரு கண்ணி போகும். அலபாமாவின் பகையாளி ஆபர்ன், ஆபர்னின் பகையாளி ஜார்ஜியா என்பதால் அலபாமாவும் ஜார்ஜியாவும் பகையாளிகள் ஆகிவிடுவதில்லை. குழு என்ற வடிவம் அப்படி ஆகும் என்று கற்பனை செய்துகொள்கிறது.

பிரிவை எடுத்துவிட்டால்

2016 ஜனவரியில் என்.சி.ஏ.ஏ. விதியைச் சற்றுத் தளர்த்தி, 10 அணி பிக் 12க்கு இறுதி ஆட்டம் நடத்த வழிவிட்டது. 2022 மே மாதம் பிரிவு வேண்டும் என்ற நிபந்தனையே நீக்கப்பட்டது. பசிஃபிக் கரையின் பேக் 12 அதே சீசனில் பிரிவுப் பட்டத்தைக் கைவிட்டு, முதலிரண்டு அணிகளை இறுதிக்கு அனுப்பியது. ஏ.சி.சி. 2023இல், எஸ்.இ.சி.யும் பிக் டென்னும் 2024இல். மேல்நிலையில் பிரிவுகளை இன்னும் வைத்திருப்பது சன் பெல்ட் கான்ஃபரன்ஸ் ஒன்றுதான்.

பிரிவின் இடத்துக்கு வந்தது நிரந்தர எதிரணிப் பட்டியல். 14 அணி ஏ.சி.சி. ஒவ்வொருவருக்கும் மூன்று நிரந்தர எதிரணிகளைக் கொடுத்து, மற்ற பத்து அணிகளை ஐந்தைந்தாக மாற்றி மாற்றி வைத்தது. எஸ்.இ.சி. இரண்டு ஆண்டு 8 ஆட்டங்களோடு தடுமாறிவிட்டு, 2026 முதல் 9 ஆட்டங்கள் என்று 2025 ஆகஸ்டில் முடிவெடுத்தது: மூன்று நிரந்தரம், ஆறு சுழற்சி. எதிரணிகள் மொத்தம் 15. மூன்று போக 12. அதில் பாதி ஆறு. ஆகவே நான்கு ஆண்டில் எல்லா அணிகளையும் சொந்த ஊரிலும் வெளியூரிலும் சந்தித்துவிடலாம். நான்கு ஆண்டு என்பது ஒரு மாணவரின் கல்லூரிக் காலம் என்பதால் அந்தக் கணக்கு எனக்கு மிகவும் பொருத்தமாகப் படுகிறது. 12 ஆண்டில் ஒருமுறை என்ற பழைய நிலையோடு ஒப்பிட்டால் இது பெரிய மீட்பு. நாலணிக் குழுவுக்கும் இதே எண்கள்தாம். ஆனால் இங்கே ஒவ்வோர் அணியின் மூவரும் வேறுவேறு. அலபாமாவுக்கு ஆபர்ன், டென்னசி, மிசிசிப்பி ஸ்டேட். ஆபர்னுக்கு அலபாமா, ஜார்ஜியா, வாண்டர்பில்ட். ஜார்ஜியாவுக்கு ஆபர்ன், ஃப்ளோரிடா, தென் கரோலினா. சங்கிலி முழுதாக நிற்கிறது. அலபாமாவும் எல்.எஸ்.யு.வும் ஆண்டுதோறும் மோதுவது நின்றது இதன் இழப்பு. மூன்று இடங்கள் எல்லாருக்கும் போதாது.

பிக் டென் இன்னொரு வழியில் போனது. 18 அணிகளுக்கும் சேர்த்து 12 ஜோடிகளை மட்டும் நிரந்தரமாக்கியது. யாருக்கு எத்தனை என்ற சமக்கணக்கு இல்லை. அயோவாவுக்கு மின்னசோட்டா, நெப்ராஸ்கா, விஸ்கான்சின் என்று மூன்று. பென் ஸ்டேட்டுக்கு ஒன்றுமில்லை. உள்ள உறவை மதிப்பது, இல்லாத உறவை உண்டாக்காமல் விடுவது என்ற அளவில் இது எஸ்.இ.சி. முறையைவிட நேர்மையானது. ஆனால் கடினமான நிரந்தர எதிரணியைச் சுமக்கும் அணிக்கும் எதையும் சுமக்காத அணிக்கும் ஒரே பட்டியல் என்பது பொருட்படுத்தத்தக்க குறை.

எதிர்வாதங்கள்

முதல் எதிர்வாதம் வலுவானது. பிரிவுக்குள் எல்லாரும் எல்லாரோடும் ஆடினார்கள். ஆகவே பிரிவுப் பட்டியல் ஒப்பிடத்தக்கதாக இருந்தது. 14 அணி எஸ்.இ.சி.யில் ஒரே பிரிவின் இரு அணிகள் தங்களுக்குள் ஓர் ஆட்டமும் ஐந்து பொது எதிரணிகளோடு ஆட்டமும் ஆடின. எட்டில் ஆறு ஒரே அளவுகோல். 2024இல் பிக் டென்னில் பென் ஸ்டேட்டும் இண்டியானாவும் 8-1 என்று சமமாக நின்றன. இரண்டும் சந்திக்கவில்லை. பொது எதிரணிகள் ஐந்து: ஒஹாயோ ஸ்டேட், வாஷிங்டன், யு.சி.எல்.ஏ., மேரிலாண்ட், பர்டூ. இருவருமே ஒஹாயோ ஸ்டேட்டிடம் தோற்று மற்ற நான்கையும் வென்றிருந்தார்கள். கடைசியில் எதிரணிகளின் வெற்றி விகிதத்தைக் கூட்டிப் பார்த்து பென் ஸ்டேட் இறுதிக்குப் போனது. இண்டியானா மைதானத்தில் செய்த எதுவும் அதைத் தீர்மானிக்கவில்லை. 2025இல் ஏ.சி.சி.யில் ஐந்து அணிகள் 6-2 என்று சேர்ந்து நின்றன. அதே சல்லடையில் தேர்வானது மொத்தக் கணக்கில் 7-5 என்றிருந்த டியூக். அந்த ஐந்தில் ஒன்றான ஜார்ஜியா டெக்கிடம் அது ஏற்கெனவே தோற்றிருந்தது. இறுதியில் வர்ஜீனியாவை 27-20 என்று கூடுதல் நேரத்தில் வென்று டியூக் சாம்பியனும் ஆனது. தேசியச் சாம்பியனைத் தீர்மானிக்கும் பிளேஆஃபுக்கு அழைக்கப்பட்டதோ, இறுதி ஆட்டத்தைக்கூட எட்டாத மயாமி.

இதற்குப் பிரிவுமுறை மேலானது என்று பொருளா? பிரிவும் இத்தகைய விளைவுகளிலிருந்து காப்பாற்றவில்லை. 2008இல் பிக் 12 தெற்கில் டெக்சஸ் ஓக்லஹோமாவை வென்றது, டெக்சஸ் டெக் டெக்சஸை வென்றது, ஓக்லஹோமா டெக்சஸ் டெக்கை வென்றது. எல்லாரும் எல்லாரோடும் ஆடியும் கடைசியில் தேசியத் தரவரிசை எண்ணே முடிவு சொன்னது. 2012இல் தண்டனையால் இரண்டு அணிகள் விலக்கப்பட, பிரிவில் மூன்றாவதாக இருந்த விஸ்கான்சின் 4-4 என்ற கணக்கோடு பிக் டென் இறுதிக்குப் போய் நெப்ராஸ்காவை 70-31 என்று வென்றது. பிரிவு ஒப்பீட்டைத் துல்லியமாக்கியது பாதிக் கூட்டமைப்புக்குள் மட்டும். மறுபாதியில் இருந்தவர்களோடு ஒப்பீடே இல்லை என்பதைக் கிழக்கு மேற்கு என்ற பெயர்கள் மறைத்தன. ஒற்றைப் பட்டியல் அந்த மறைப்பை நீக்கியிருக்கிறது. குறை கூடியதாகத் தோன்றுவதற்கு அது வெளியே தெரிவதும் ஒரு காரணம்.

இரண்டாவது எதிர்வாதம், 16 அணிகளை எட்டெட்டாகப் பிரித்தால் போதுமே என்பது. மேலே சொன்ன ஐந்து அணிச் சங்கிலியை வாண்டர்பில்ட், கென்டகி, தென் கரோலினாவோடு கிழக்கில் முழுதாக வைக்கலாம். டெக்சஸ், ஓக்லஹோமா, டெக்சஸ் ஏ அண்ட் எம், ஆர்கன்சா, எல்.எஸ்.யு. எல்லாம் மேற்கில். பரம்பரைப் போட்டிகளில் பெரும்பாலானவை தப்பும் என்பதை மறுக்க முடியாது. இதுவரை முன்வைக்கப்பட்ட வேலிகளில் குறைவாக வெட்டும் வேலி இதுதான் என்றே நினைக்கிறேன். ஆனால் பிரிவுக்குள் ஏழு ஆட்டங்கள் போக மிஞ்சுவது இரண்டு. மறுபக்கத்து எட்டில் ஒவ்வொன்றையும் நான்கு ஆண்டுக்கு ஒருமுறைதான் பார்க்கலாம். அது ஒரே பெயரில் நடக்கும் இரண்டு லீக். அப்படித்தான் வேண்டும் என்றால் இரண்டு லீக்காகவே இருக்கலாம். சேர்ந்ததன் பயன் தொலைக்காட்சி ஒப்பந்தத்தில் மட்டுமே தெரியும்.

தொழில்முறை லீகான என்.எஃப்.எல்.லில் 32 அணிகள், எட்டுப் பிரிவுகள், 17 ஆட்டங்கள் என்று அமைதியாக நடக்கிறதே என்பாரும் உண்டு. அங்கே தோற்ற அணிக்கு அடுத்த ஆண்டு புதிய வீரர்களில் முதல் தேர்வு கிடைக்கிறது, சம்பளத்துக்கு உச்சவரம்பு இருக்கிறது. வலிமையை ஆண்டுதோறும் சமன்செய்யும் இயந்திரம் கூடவே ஓடுகிறது. கல்லூரிக் கால்பந்தில் அப்படி ஒன்று இல்லை. சமன்செய்யாத இடத்தில் பிரிவு போடுவது வேறு வேலை.

தீராதவை

ஜோடி அடிப்படையிலான அட்டவணை, யார் யாரோடு ஆடுவது என்ற கேள்விக்கு இதுவரை கிடைத்த விடைகளில் மேலானது என்று சொல்ல ஆதாரம் போதும். யார் சாம்பியன் என்ற கேள்விக்கு அதனிடம் விடை இல்லை. 2022இல் பேக் 12இல் யூட்டா இரண்டாம் இடத்துச் சமநிலையில் தேர்வாகி, சீசனில் முதலிடம் பிடித்த யு.எஸ்.சி.யை இறுதியில் 47-24 என்று வென்றது. பழைய முறையில் இரண்டும் தெற்குப் பிரிவு. யூட்டாவுக்கு அந்த இறுதி கிடைத்தே இருக்காது. தகுதியான அணிக்கு வழி திறந்தது என்று இதைப் படிக்கலாம். சீசன் முழுதும் சம்பாதித்ததை யு.எஸ்.சி. ஓர் இரவில் இழந்தது என்றும் படிக்கலாம். அந்தத் தோல்வியோடு அதன் பிளேஆஃப் வாய்ப்பும் போனது. எது சரியான வாசிப்பு என்பது இறுதி ஆட்டம் எதற்காக நடத்தப்படுகிறது என்பதைப் பொறுத்தது. 2024 முதல் பிளேஆஃபில் 12 அணிகள்; கூட்டமைப்புச் சாம்பியன்கள் ஐவர் போக ஏழு இடங்கள் மற்றவர்களுக்கு. பட்டம் வெல்லாமலும் உள்ளே போகலாம் என்றானபின் இறுதி ஆட்டத்தின் எடை குறைகிறது. வருமானம் அதைக் காப்பாற்றக்கூடும், பழக்கமும் காப்பாற்றக்கூடும். விளையாட்டு நியாயம் அதைக் காப்பாற்றுமா என்பது உறுதியில்லை.

சமநிலையைப் பிரிக்கும் விதிகள் இன்னும் கச்சாவாகவே இருக்கின்றன. எதிரணிகளின் வெற்றி விகிதம் என்பது, அட்டவணை போட்டவர் முன்கூட்டியே அறிய முடியாத ஒன்றுக்காக ஓர் அணிக்குப் பரிசோ தண்டனையோ கொடுப்பது. கடைசி ஒரு வாரத்தை முன்கூட்டி நிரப்பாமல் வைத்து, சந்திக்காத முன்னணி அணிகளை அப்போது மோதவிடலாம் என்று ஒரு யோசனை உண்டு. மைதான வாடகை, பயணம், மிஷிகன்-ஒஹாயோ ஸ்டேட்போல கடைசி வாரத்துக்கென்றே மரபாகிவிட்ட ஆட்டங்கள் ஆகியவை அதற்குத் தடை. ஆனாலும் இந்தக் குறையை நேராகத் தொடுவது அது ஒன்றுதான் என்பதால் இன்னும் கவனமாகப் பரிசீலிக்கத் தகும். ஏ.சி.சி. 9 ஆட்டங்களுக்கு மாற முடிவெடுத்தபோது வேறொரு முட்டுக்கட்டை தெரிந்தது. 17ஐ 9ஆல் பெருக்கினால் 153, ஒற்றைப்படை எண். ஓர் ஆட்டத்துக்கு இரண்டு அணி வேண்டும் என்பதால் 17 அணிகளும் ஒன்பது ஆடவே முடியாது. ஏதாவது ஓர் அணி எட்டோடு நிற்க வேண்டும். எட்டு ஆடியவரையும் ஒன்பது ஆடியவரையும் ஒரே பட்டியலில் எப்படி வரிசைப்படுத்துவது என்ற கேள்வி, எப்போதோ தீர்ந்துவிட்டதாக நினைத்த இடத்துக்கே மறுபடி வந்து நிற்கிறது. 18ஆவது அணியைச் சேர்ப்பது ஒரு தீர்வு, ஒன்றைக் குறைப்பது இன்னொன்று. பெரிய கூட்டமைப்புகள் இரண்டாவதைத் தானாக முன்வந்து செய்வது அரிது.